படமும் மறைவும்: கல்முனைக் கரையிலிருந்து சில சிந்தனைகள்

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருளுக்குத் தமிழில் ஒரு பெயர் தேடத் தொடங்கியபோதே எனது இடர்ப்பாடும் தொடங்கிவிட்டது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லாற் குறிக்கப்படும் கருத்தைத் தமிழில் இன்று பலரும் 'தனியுரிமை' என்கின்றனர். செய்தித்தாள்களிலும் சட்டம் பற்றிய எழுத்துக்களிலும் அச்சொல் நிலைபெற்று வருகின்றது. ஆயின், இலங்கையில் உயர்தர வகுப்பிற் பொருளியல் பயின்றோர்க்கு அச்சொல் முதலில் வேறொன்றையே நினைவூட்டும். ஒரு பண்டத்தின் நிரம்பல் முழுவதும் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கும் நிலையையே எமது பாடநூல்கள் தனியுரிமை என வழங்கின. முகநூல், இன்ஸ்டகிராம், வட்ஸ்அப் ஆகிய மூன்றும் ஒரே கம்பனியின் உடைமையாயிருக்கும் காலத்தில் இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் வந்து கூடியிருப்பது தற்செயலே, எனினும் சிந்திக்கத்தக்கது.

'அந்தரங்கம்' என்ற பழைய சொல்லையும் எடுத்துப் பார்த்தேன். அது உள்ளத்தின் உட்பகுதியைச் சுட்டும் சொல். ஊரறிந்த முகத்தையும் ஊரறிய உடுத்த புடைவையையும் அதனுள் அடக்குதல் அரிது. எமது ஊர்களில் முதியோர் வாயில் வழங்குவது 'மறைவு' என்பதே. வேலி மறைவு, திரை மறைவு, கதவு மறைவு என்று அவர்கள் கூறும்போது, பார்ப்பவர்க்கும் பார்க்கப்படுபவர்க்குமிடையே நிலவும் ஓர் ஒழுங்கினைக் கருதுகின்றனர். தனியுரிமை என்ற சொல்லில் ஒருவரே உளர். மறைவு என்ற சொல்லில் இருவர் உளர். படவழிச் சமூக ஊடகங்கள் பற்றிய ஆய்விலே இவ்வேறுபாடு கவனிக்கப்படவேண்டியதென்பதே இக்கட்டுரையிற் கூற விழைவது.

மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை ஊடாக அக்கரைப்பற்றுவரை நீளும் இக்கரையோரம், கிழக்கே கடலுக்கும் மேற்கே வயலுக்கும் நடுவே நெருங்கிய குடியிருப்புக்களைக் கொண்டது. 1995 இல் பல்கலைக் கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996 இல் முழுமையான பல்கலைக் கழகமாகிய தென்கிழக்குப் பல்கலைக் கழகம் ஒலுவிலில் அமைந்தபின், வீட்டிலிருந்தே சென்றுவரும் பெண்கள் பலருக்கு உயர்கல்வி எட்டியது. அவர்களுடைய கைகளில் இன்று தொலைபேசியும் அதனுள்ளே இன்ஸ்டகிராமும் டிக்டொக்கும் உள்ளன. எப்படத்தை அவர்கள் யாருக்குக் காட்டுகின்றனர், எதனைக் காட்டாது விடுகின்றனர், ஏன் என்பதே நான் ஆராயப் புகுந்த பொருள். தறியோசை கேட்டு மருதமுனையில் வளர்ந்த எனக்கு இஃது அயலார் பொருளன்று.

இத்துறையில் எழுந்துள்ள ஆய்வுகளைச் சிறிது நோக்குதல் வேண்டும். 1888 இல் கொடாக் படப்பெட்டி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பயிற்சியற்ற எவரும் கையிலேந்திப் படமெடுக்கலாம் என்ற நிலை அதனால் ஏற்பட்டது. இரண்டாண்டு கழித்து, 1890 டிசம்பரில், சாமுவேல் வாரன், லூயிஸ் பிராண்டைஸ் என்னும் சட்டத்தரணிகள் இருவர் ஹாவட் சட்டச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினர். உடனடி நிழற்படமும் செய்தித்தாளும் வீட்டு வாழ்வின் எல்லைக்குள் புகுந்துவிட்டன என்றும், அதனைத் தடுக்கும் உரிமையொன்றைச் சட்டம் ஏற்கவேண்டும் என்றும் அவர்கள் வாதிட்டனர். இன்று நாம் பேசும் தனியுரிமைக் கோட்பாட்டின் முக்கிய தொடக்கம் அக்கட்டுரை. அது படப்பெட்டியைக் கண்ட அச்சத்தோடு பிறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

சமூக ஊடகங்கள் பரவத் தொடங்கிய 2006 இல் சூசன் பாண்ஸ் என்பார் ஒரு முரண்பாட்டை எடுத்துக்காட்டினார். வளர்ந்தோர் தம் தகவல் பிறர் கையிற் சிக்குமென அஞ்ச, இளைஞரோ தம்மைப் பற்றிய யாவற்றையும் தாமே வெளியிடுகின்றனர் என்பது அவர் கூற்றின் சாரம். அதன்பின் எழுந்த ஆய்வுகளிற் பெரும்பாலானவை 'அஞ்சுவோர் ஏன் வெளிப்படுத்துகின்றனர்' என்ற ஒரே வினாவைச் சுற்றி வந்தன. ஆனால், 2004 இலேயே ஹெலன் நிசன்போம் வேறொரு வழியைக் காட்டியிருந்தார். ஒரு தகவல் எச்சூழலில், எந்த நியதியோடு கொடுக்கப்பட்டதோ, அந்நியதியை மீறி அது வேறொரு சூழலுக்குச் செல்லும்போதே அந்தரங்கம் கெடுகின்றது என்பது அவர் கொள்கை. 2010 இல் வெளிவந்த அவரது நூல் இதனை விரித்துரைக்கின்றது. அலிஸ் மார்விக், டானா போய்ட் ஆகிய இருவரும் 2011 இல், உறவினர், நண்பர், ஆசிரியர், அந்நியர் எனப் பல அவைகளாயிருந்தவை சமூக ஊடகத்தில் ஒரே அவையாய்ச் சரிந்துவிடுவதை ஆராய்ந்தனர். 2014 இல், வலையமைப்பில் எவருடைய அந்தரங்கமும் அவரொருவர் கையில் மட்டும் இல்லை என்ற முடிவுக்கு வந்தனர்.

இவற்றைப் படித்தபோது, எமது வளவுகளில் அறிந்த ஒன்றையே பிறமொழியில் மீண்டும் கேட்பது போலிருந்தது. அதற்குக் காரணமுண்டு. அக்கரைப்பற்றில் 1969 முதல் களஆய்வு செய்த மானிடவியலறிஞர் டெனிஸ் மக்கில்வ்ரே தமது 2008 ஆம் ஆண்டு நூலில் விளக்கியுள்ளவாறு, இக்கரையின் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பேணிவந்தவர்கள். வீடு பெண்ணுக்குச் சீதனமாகும்; மணமகன் மனைவியின் வீட்டிற்கு வந்து சேர்வான். ஆதலால் உம்மாவின் வீட்டை அடுத்து மூத்தவளின் வீடும் அதனை அடுத்து இளையவளின் வீடும் அமைந்து, சகோதரியர் ஒரே வளவிற் கூடி வாழ்வது வழக்கம். அவ்வளவின் விறாந்தையில் எடுக்கும் ஒரு படத்தில் ராத்தாவின் தோளும், அவள் மகளின் முகமும், பின்னாலே கொடியிற் காயும் துணியும் வந்தே தீரும். 'என் படம்' என்று ஒன்றை அங்கே தனியே வெட்டியெடுத்தல் எளிதன்று. என் படத்தை வெளியிட எனக்கு உரிமையுண்டு என்பது உண்மையே. ஆனால் அப்படத்தில் நான் மட்டும் இருப்பதில்லை.

அவ்வளவினுள் நுழைவதற்கும் ஒரு நெறியுண்டு. வருபவர் ஸலாம் கூறிக் கதவுக்கு நேரே நில்லாது ஒருபுறம் ஒதுங்கி நிற்பார். மூன்று முறை கேட்டும் மறுமொழி இல்லையேல் திரும்பிச் செல்வார். பிறர் வீட்டில் அனுமதி பெற்றே நுழையவேண்டுமென்பது குர்ஆனின் 24 ஆம் அத்தியாயத்தில் வரும் கட்டளை. அனுமதி கேட்கும் வழக்கம் பார்வையின் பொருட்டே ஏற்பட்டது என மரபு விளக்கம் தரும். கதவு திறந்தே கிடப்பினும் இந்நெறி மாறுவதில்லை என்பதே இங்குச் சிறப்பாகக் கருதவேண்டியது. கதவைத் திறந்து வைத்தவர் காற்றுக்காகத் திறந்திருக்கலாம்; பிள்ளை விளையாடத் திறந்திருக்கலாம். திறந்த கதவு அழைப்பாகாது. கடமை, பார்க்கப்படுபவரிடம் மட்டுமன்றிப் பார்ப்பவரிடமும், அவரிடமே முதலாவதாகவும், வைக்கப்பட்டுள்ளது.

எமது மக்கள் படத்தை வெறுப்போர் என்று இதனாற் கொள்ளலாகாது. கல்முனைக் கடைத்தெருவின் ஸ்ரூடியோக்களில் எடுத்த குடும்பப் படங்கள் அல்பங்களில் ஒட்டப்பட்டு அலுமாரியில் இருந்தன. வந்த விருந்தினரின் உறவு முறை நோக்கி, எந்த அல்பத்தை எடுப்பது என்பதை வீட்டுப் பெண்களே தீர்மானித்தனர். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் அந்த அலுமாரிகளையும் கொண்டுபோயிற்று. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டங்களுள் மிகுதியான உயிரிழப்பு இங்கேதான். இறந்தவரின் முகத்தைக் காட்டும் ஒரு படந்தானும் எஞ்சாத வீடுகள் பல.

அப்பேரழிவே படத்தின் மறுமுகத்தையும் எமக்குக் காட்டியது. கல்முனையில் இடிபாடுகளிடையே கண்டெடுக்கப்பட்ட ஓர் ஆண் குழந்தை, வைத்தியசாலையில் அன்று அனுமதிக்கப்பட்ட 81 ஆவது ஆளாகப் பதியப்பட்டது. அவ்வெண்ணே அதன் பெயராக, அதன் படம் உலகெங்குஞ் சென்றது. ஒன்பது தாய்மார் உரிமை கோரினர் என்ற செய்தியும் உடன் சென்றது. உண்மையில் முறைப்படி உரிமை கோரியவர்கள் ஒரு தம்பதியினரே. 2005 பெப்ரவரியில் மரபணுச் சோதனை அவர்களே பெற்றோர் என நிறுவியது. குழந்தை வீடு திரும்பியது, எண் திரும்பவில்லை. வளர்ந்து பாடசாலை சென்ற காலத்தில் அப்பெயராற் கேலி செய்யப்பட்டதை அவரே பின்னர் செய்தியாளரிடம் கூறியுள்ளார். அவருடைய பெயர் பல இடங்களில் அச்சேறியுள்ளதாயினும் அதனை நான் இங்கு எழுதவில்லை. கைக்குழந்தையாயிருந்தபோது எவரும் அவரைக் கேட்கவில்லை என்ற ஒன்றே அதற்குப் போதிய காரணம்.

இதே கேள்வியை எனக்கு வேறொருவர் மிகத் தெளிவாக விளக்கினார். களஆய்வின்போது எமது ஊரில் ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தேன். அவ்வீட்டுத் தாய் தம் மகளைக் கடலுக்குப் பறிகொடுத்தவர். வெளிநாட்டில் வாழும் உறவினரிடமிருந்த பாடசாலைக் குழுப்படமொன்றிலிருந்து மகளின் முகத்தை மட்டும் பெரிதாக்கி அனுப்புவித்துத் தம் தொலைபேசியில் வைத்திருந்தார். அதனை எனக்குக் காட்டினார். "மாமி, இந்தப் படத்தை என் ஆய்வேட்டிற் சேர்க்கலாமா?" என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "நீங்க பாருங்க மகள். புத்தகத்துல போட வேணாம். அவக்கிட்ட இனிக் கேக்க ஏலாதே" என்றார். மகளின் படத்துக்குத் தாய் உரிமையாளர் எனச் சட்டம் கூறக்கூடும். தாயோ தம்மை அதன் காவலராக மட்டுமே கருதினார். காட்டுதல் வேறு, கொடுத்தல் வேறு என்ற பாகுபாட்டை எந்தச் செயலியின் அமைப்புப் பக்கத்திலும் நான் இவ்வளவு நுட்பமாகக் கண்டதில்லை.

நான் உரையாடிய மாணவியரிடத்தும் இந்நுட்பம் வேறு வடிவில் உண்டு. மருதாணியிட்ட கை, தேநீர்க் கோப்பை, ஒலுவிற் கடற்கரையில் முதுகு காட்டி நிற்கும் உருவம் எனப் பலர் முகமில்லாப் படங்களை இடுகின்றனர். சிலருக்கு இரண்டு கணக்குகள். ஒன்று மாமன் மச்சான் யாவரும் காண்பதற்கு, மற்றது வகுப்புத் தோழியர் பதின்மருக்கு. கலியாண வீட்டின் பெண்கள் பகுதியிற் படமெடுத்தால், எவருடைய முகம் போகலாம், எவருடையது போகலாகாது என்பதை ஒருவரையொருவர் கேட்டே முடிவு செய்கின்றனர். துருக்கியின் மார்தின் நகரில் ஆய்வு செய்த எலிசபெத்தா கொஸ்தா, அங்குள்ளோர் பல கணக்குகளைப் பயன்படுத்தித் தம் அவைகளைப் பிரித்தே வைத்திருப்பதைக் கண்டு, சூழற் சரிவு எங்கும் நிகழ்வதன்று என 2018 இல் எழுதினார். சென்னைக்கு அண்மையில் ஆய்வு செய்த ஸ்ரீராம் வெங்கட்ராமனின் 2017 ஆம் ஆண்டு நூலும், அங்கு குடும்பமும் சாதியும் வகுப்பும் எவ்வாறு முகநூலுக்குள்ளும் தொடர்கின்றன என்பதை விரிவாகக் கூறும். எமது மாணவியர் இவ்வரிசையிற் சேர்ந்தோர். இவர்களைப் 'பேதைமையால் வெளிப்படுத்துவோர்' என்றோ 'மரபால் மறைப்போர்' என்றோ வகுத்தல் பொருந்தாது.

ஆயினும் இவர்களுடைய திறமை இவர்களைக் காக்கப் போதுமா? இவ்வினாவுக்கு எமது மாவட்டமே விடை தந்துள்ளது. 2018 பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவுக்கடையில், கறியிற் காணப்பட்ட ஒரு கட்டியைக் காட்டி, அது மலட்டு மாத்திரை என்று குற்றஞ்சாட்டப்பட்டது. சிங்களம் நன்கறியாத கடைக்காரரைக் கூட்டத்தினர் சூழ்ந்து நின்று கேள்வி கேட்க, அச்சத்தால் அவர் ஆமென்று கூறியது ஒளிப்படமாக எடுக்கப்பட்டு முகநூலிற் பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அக்கட்டி வெறும் மாவே என அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். அவ்வாறு மலடாக்கும் மாத்திரை எதுவும் இல்லையென்பதை மருத்துவரும் எடுத்துக்கூறினர். ஆனால் மார்ச் முதல் வாரத்தில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் வன்முறை மூண்டு, அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டு, சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அவ்வாண்டு வன்முறையில் தனது தளம் பயன்பட்டமைக்காக முகநூற் கம்பனி 2020 மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது.

மறு ஆண்டு, உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின், 2019 ஏப்ரல் 25 இல் தேடப்படுவோரின் படங்கள் பொலிசாரால் வெளியிடப்பட்டபோது, அவற்றுள் ஒன்று அமெரிக்காவில் வாழும், இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்த பல்கலைக் கழக மாணவி ஒருவருடையதாயிருந்தது. தவறு ஒப்புக்கொள்ளப்பட்டது, அதற்குள் அவருடைய முகம் கொலை மிரட்டல்களோடு சேர்ந்து பரவிவிட்டது. மறுநாள் இரவு சாய்ந்தமருதில் நிகழ்ந்த வெடிப்பும், அடுத்து வந்த முகமூடும் ஆடைத் தடையும், எமது பெண்கள் வீதியில் நடப்பதையே பிறர் படமெடுக்கும் காட்சியாக்கின.

குழந்தை, கடைக்காரர், மாணவி ஆகிய இம்மூவரையும் ஒருங்கே வைத்து நோக்குமிடத்து ஓருண்மை புலனாகின்றது. தமக்குக் கேடு விளைத்த படத்தை இவர்களுள் எவரும் அக்கேட்டுக்காக வெளியிட்டவர் அல்லர். ஒருவர் பேசவும் அறியாதவர், ஒருவர் வற்புறுத்தப்பட்டவர், ஒருவரின் முகம் வேறொரு பெயரோடு ஒட்டப்பட்டது. 'ஏன் வெளிப்படுத்தினாய்' என்ற வினா இவர்களிடம் கேட்கத்தக்கதன்று. யார் எடுத்தனர், யார் கடத்தினர், கையில் வந்ததும் யார் நிறுத்தாது விட்டனர் என்ற வினாக்களே கேட்கத்தக்கன. ஆய்வின் நோக்கு பார்க்கப்படுவோரைவிட்டுப் பார்ப்போரிடம் திரும்பவேண்டும் என நான் கருதுவது இதனாலேயே.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. மறைவு என்பது குடும்பத்தின் பெயரால் இளம் பெண்களைக் கட்டுப்படுத்தும் கருவியாகவும் பயன்படுகின்றது. தன் முகத்தைத் தானே இட விரும்பும் பெண்ணைக் காக்காவும் மச்சானும் தடுப்பதற்கு 'மறைவு' என்ற சொல் உதவுகின்றது. இன்னும் கொடியது, படத்தைக் காட்டி மிரட்டிப் பணமோ பணிவோ கேட்பவனுக்கு வலிமை தருவது அப்பெண்ணின் வீட்டில் நிலவும் அவமான அச்சமே. வீட்டாருக்குத் தெரிந்தால் என்னாகுமோ என்று அஞ்சி முறைப்பாடு செய்யாதிருக்கும் பெண்ணுக்கு, மறைவின் சிறப்பை எடுத்துரைத்துப் பயனில்லை. இம்மறுப்பை நான் ஏற்கின்றேன். ஆயின், கதவருகில் ஒதுங்கி நிற்கும் நெறி, உள்ளே இருப்பவளுக்கு இடப்பட்ட கட்டளையன்று. வெளியே நிற்பவனுக்கு இடப்பட்டது. அதனை உள்ளிருப்பவளின் மேற் சுமத்தியதே பிற்காலத்து மாற்றம். மிரட்டப்பட்ட பெண்ணிடம் 'ஏன் படமெடுத்தாய்' என்று கேட்கும் வீடு, நெறியைத் தலைகீழாக்கிய வீடு.

சட்டத்தின் நிலையும் இங்கு நோக்கத்தக்கது. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளுள் தனியுரிமை தனியொரு உரிமையாகக் கூறப்படவில்லை. இந்தியாவில் 2017 ஓகஸ்ட் 24 இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்கள் அதனை அடிப்படை உரிமையென ஒருமனதாக அறிவித்தனர். இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் தனியாள் தரவுகளைக் காக்க இயற்றப்பட்டது. ஆனால் ஒருவர் முற்றிலும் தம் சொந்தத் தேவைக்கோ வீட்டுத் தேவைக்கோ தரவுகளைக் கையாள்வது அதன் எல்லைக்கு வெளியே உள்ளது. உறவினர் குழுவில் ஒரு மருமகளின் படத்தை மாமன் பகிர்வதை அச்சட்டம் காணாது. 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ, கருத்துரிமையை நெரிக்குமென்ற கண்டனத்துக்கு உள்ளாகியது. ஆதலால், நாள்தோறும் கைமாறும் படங்களுக்கு எஞ்சியிருப்பது பார்ப்பவரின் ஒழுக்கமேயாகும்.

அவ்வொழுக்கம் ஆய்வாளரிடம் தொடங்கவேண்டும். திறந்த கணக்கில் உள்ள படங்களை எவரும் பார்க்கலாமாதலால் அவற்றை ஆய்வேட்டிற் சேர்ப்பதில் தடையென்ன என்று மூத்த ஆய்வாளர் ஒருவர் என்னை வினவினார். சான்று காட்டாத ஆய்வு வலுவிழக்கும் என்ற அவரது கவலையும் நியாயமானதே. ஆயினும், திறந்த கதவு அழைப்பாகாது என்பதை அறிந்த ஊரிலிருந்து வந்த நான், எனது ஏட்டிற் படமெதனையும் சேர்க்கவில்லை. ஒவ்வொரு படத்தையும் சொற்களால் விவரித்து, உரியவரிடம் வாசித்துக் காட்டி, அவர் வேண்டாமென்ற பகுதியை நீக்கினேன். மூவர் முழுமையாக விலகினர். அவர்களுடைய கூற்றுக்களே என் வாதத்துக்கு மிகவும் உதவியிருக்கும். அவ்விழப்போடுதான் ஏடு நிறைவுற்றது. தேர்வாளர் அதனைக் குறையெனக் கொள்வாராயின் அக்குறை அங்கு இருக்கட்டும்.

இச்சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் எமது விழாக்களில் நாடகமும் கவியரங்கும் நிகழும்போது நூறு தொலைபேசிகள் உயர்கின்றன. மேடையேறும் மாணவியர் அவைக்கு முகங்காட்ட இசைந்தோர். அவைக்கு அப்பால் உள்ளோர்க்கு இசைந்தோரா என்பதை நாம் கேட்டதில்லை. இவ்வாண்டு விழாவுக்குப் பெயர் பதியும் தாளிலேயே அக்கேள்வியையும் சேர்த்துவிடலாம். வேண்டாமென்போர் பெயரை விழாத் தொடக்கத்திற் கூறவேண்டியதில்லை. படப்பிடிப்பாளரிடம் பட்டியல் இருந்தாற் போதும். ஒரு தாளில் ஒரு வரி சேர்ப்பதற்கு ஆகும் செலவு சிறிது.